வலிப்பும் துயரமும்: எட்வர்ட் லியரின் நாட்குறிப்பை முன்வைத்து

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெவ்வேறு நாடுகளிலிருந்து இணைந்திருக்கிறீர்கள். சிலருக்கு இது காலைக் காப்பி நேரம், சிலருக்குத் தூங்கப்போகும் நேரம். இந்த நேரத்தில் கொஞ்சம் கனமான விஷயத்தைப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்ல. பழைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் வாசிப்பதில் ஆர்வம் உள்ளவன். வலிப்பு நோயோடு வாழ்ந்த ஒருவரின் வீட்டில் வளர்ந்தவன். இந்த இரண்டு தகுதிகளோடுதான் பேசுகிறேன்.

லண்டனில் இருப்பவர்களுக்கு ஹைகேட் முருகன் கோயிலைத் தெரியாமல் இருக்காது. ஆர்ச்வே சாலையில் இருக்கும் அந்தக் கோயிலிலிருந்து தெற்கே இறங்கி நடந்தால் ஹாலோவே என்ற பகுதி வரும். இன்று கடைகளும் பேருந்துகளும் நெரியும் இடம். 1812-இல் அது லண்டனுக்கு வெளியே இருந்த பசுமையான புறநகர். அந்த ஆண்டு மே 12 அன்று அங்கே ஒரு பங்குத் தரகரின் வீட்டில் எட்வர்ட் லியர் பிறந்தார். இருபத்தொரு பிள்ளைகளில் இருபதாவது பிள்ளை என்பார்கள். தந்தையின் தொழில் நொடித்தது. அம்மாவால் இத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. நான்கு வயதுச் சிறுவனை, அவனைவிட இருபத்தொரு வயது மூத்த அக்கா ஆனிடம் ஒப்படைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த அக்காதான் அவருக்குத் தாய்.

லியரை நம்மில் பலருக்கு நம் பிள்ளைகள் வழியாகத் தெரியும். இங்கே ஆரம்பப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஆந்தையும் பூனையும் படகில் போகும் அவருடைய பாட்டை ஒப்பித்துக்கொண்டு வருவார்கள். ஐந்து வரி வேடிக்கைப் பாடல்களை, லிமெரிக் என்கிறார்களே, ஆங்கிலத்தில் அவற்றைப் பரப்பியவர் அவர். ஆனால் அவருடைய தொழில் ஓவியம். இருபது வயதுக்குள் கிளிகளை வரைந்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டவர். 1846-இல் விக்டோரியா மகாராணிக்கே ஓவியம் கற்றுக்கொடுத்தவர்.

இந்த வேடிக்கை மனிதருக்கு ஐந்து அல்லது ஆறு வயதில் வலிப்பு தொடங்கியது. எழுபத்தைந்து வயதில் இத்தாலியின் சான் ரேமோவில் இறக்கும்வரை அது அவரை விடவில்லை. அதற்கு அவர் தனக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார். ‘டீமன்’, அதாவது பேய். இன்னொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். காரணம் சொல்லமுடியாத கடும் சோகம் வந்து பல நாட்கள் அமுக்கும். அதை ‘மார்பிட்ஸ்’ என்றார். ‘சோகக் காய்ச்சல்’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தச் சோகம் முதன்முதலில் வந்த நாளை முதிய வயதில் நினைவுகூர்கிறார். 1819 வாக்கில், ஏழு வயதில், அப்பா அவரை ஹைகேட் பக்கம் ஒரு திடலுக்கு அழைத்துப்போகிறார். கழைக்கூத்தாடிகள் போன்ற கோமாளிகளின் வித்தை, பாண்டு வாத்தியம், மாலை வெளிச்சம். எல்லாம் முடிந்து கூட்டம் கலைகிறது. பையன் வீட்டுக்கு வந்து பாதி இரவு அழுகிறான். அடியில்லை, திட்டில்லை, எதுவும் தொலையவில்லை. அழுகை மட்டும் நிற்கவில்லை. நம் முருகன் கோயில் தேர் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பையனின் நினைவு எனக்கு வரும்.

லியரின் நாட்குறிப்புகளில் 1858 முதல் 1887 வரையிலான முப்பது தொகுதிகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹவ்டன் நூலகத்தில் இருக்கின்றன. எங்கே போனார், என்ன சாப்பிட்டார், எவ்வளவு செலவு, எந்தப் படம் விற்றது என்று எல்லாமே உண்டு. நடுநடுவே ஒரு பெருக்கல் குறி வரும். பக்கத்தில் சில சமயம் ஓர் எண். விளக்கம் எதுவும் இல்லை. ஒவ்வொரு குறியும் ஒரு வலிப்பு என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் கண்டுகொண்டார்கள்.

அந்தப் பெருக்கல் குறியைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் அதே குறியை நானும் போட்டிருக்கிறேன்.

என் சித்தப்பாவுக்கு வலிப்பு இருந்தது. எங்கள் ஊர் திருச்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடத்துக்கு அந்தக் கரை. அவர் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முத்து முத்தான கையெழுத்து. வீட்டில் கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். எந்தப் பூட்டுக்கும் உரிய சாவிகள் அல்ல அவை. சித்தப்பா விழுந்தால் கையில் திணிப்பதற்காக வைத்திருந்தவை. அதனால் ஒரு பயனும் இல்லை என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். அது நின்ற நேரத்தில் கையில் சாவி இருந்ததால் சாவிக்குப் பெயர் கிடைத்தது.

டவுனில் பார்த்த டாக்டர், வலிப்பு வரும் தேதிகளைக் குறித்துவரச் சொன்னார். அந்த வேலை என்னிடம் வந்தது. அப்போது ஆறாம் வகுப்பு. திண்ணையில் சித்தப்பா பக்கத்தில் படுப்பவன் நான்தான். மாதக் காலண்டரில் அந்தந்தக் கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். மாதக் கடைசியில் அப்பா காலண்டரைச் சுருட்டி எடுத்துப்போவார். டாக்டர் குறிகளை எண்ணுவார். குறைந்திருந்தால், “பரவாயில்லையே” என்பார். கூடியிருந்தால் மாத்திரையைக் கூட்டுவார். என் குறிகளை வைத்து ஒரு பெரிய டாக்டர் முடிவெடுக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒருநாள் நான் காலண்டர் பார்த்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா கேட்டார். “ஏன்டா, குறி போடாத நாளுக்கு என்ன அர்த்தம்?”

“அன்னிக்கு உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம் சித்தப்பா.”

அவர் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

லியர் தன் நோயைப் பேய் என்று அழைத்தார் என்றேன். நமக்கு அது புதிதல்ல. சமஸ்கிருதத்தில் வலிப்பு நோய்க்கு அபஸ்மாரம் என்று பெயர். நினைவு நீங்குதல் என்ற பொருளில் வருவது. நடராஜர் காலடியில் கிடக்கும் குள்ள உருவத்தின் பெயரும் அபஸ்மாரன். தமிழில் அவனை முயலகன் என்கிறோம். நம் பழைய நூல்களில் முயலகன் என்பது நோயின் பெயரும்கூட. கொல்லி மழவன் என்ற தலைவனின் மகளுக்கு முயலகன் நோய் வந்ததையும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அதைத் தீர்த்ததையும் பெரியபுராணம் சொல்கிறது. அது நடந்த தலம் திருப்பாச்சிலாச்சிராமம். இன்றைய திருவாசி. எங்கள் ஊருக்குப் பக்கம். அங்கே நடராஜர் முயலகன்மேல் அல்ல, பாம்பின்மேல் ஆடுகிறார். பாட்டி சித்தப்பாவை மாதாமாதம் அங்கே கூட்டிப்போவார். அந்த நம்பிக்கையை நான் குறைசொல்ல மாட்டேன். மாதம் ஒருமுறை யாரோ ஒருவர் அவரோடு கைகோத்து நடந்தார் என்பதே பெரிய விஷயம்.

கிரேக்கர்களும் ஒரு காலத்தில் இதைத் தெய்வம் தரும் நோய் என்றார்கள். அதை மறுத்து, இதுவும் மற்ற நோய்களைப் போன்றதே, மூளையிலிருந்து வருவதே என்று ஹிப்போக்ரடீஸ் மரபைச் சேர்ந்த ஒரு நூல் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே வாதாடியது. இது பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு குறிப்பு அதே மரபின் வேறொரு நூலில் இருக்கிறது. கடும் சோகம் பிடித்தவர்களுக்குப் பெரும்பாலும் வலிப்பு வருகிறது, வலிப்பு உள்ளவர்களுக்குச் சோகம் வருகிறது என்பது அதன் சாரம். நோய் உடலின் பக்கம் சாய்ந்தால் வலிப்பு, மனத்தின் பக்கம் சாய்ந்தால் சோகம் என்று அது விளக்கம் சொல்கிறது. விளக்கம் இன்று செல்லாது. ஆனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை அந்த மருத்துவர்கள் பார்த்துவிட்டார்கள். இந்தக் கவனிப்பு பிறகு எப்படித் தொலைந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த வரலாறு.

மறுபடியும் லியர். அவர் தன் வலிப்பை உலகத்திடமிருந்து மறைத்தார். வரப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஏதாவது சாக்குச் சொல்லி அறைக்குள் போய்விடுவார். பிரபுக்களின் மாளிகைகளில் விருந்தாளியாகப் பல மாதங்கள் தங்கியவர் இப்படியே சமாளித்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வலிப்பு என்றால் ஒழுக்கக் குறைவு, தன்னடக்கம் இல்லாமை என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இருந்தது. லியரும் அதை நம்பித் தன்னையே நொந்துகொண்டார். அவருடைய அக்காக்களில் ஒருவரான ஜேனுக்கும் இந்த நோய் இருந்தது. ஆக, இது பிறப்போடு வந்ததோ என்றும் நினைத்தார். நாட்குறிப்பில் ஓரிடத்தில், என்னைப்போல் வேறு யாராவது இப்படி அவதிப்படுகிறார்களா என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறார். ஆனால் அதை யாரிடமும் கேட்கத் தனக்குத் துணிவில்லை என்றும் எழுதுகிறார்.

அகஸ்டா பெத்தேல் என்ற பெண்ணை அவர் நேசித்தார். மணந்துகொள்ளும்படி கேட்கலாமா என்று அந்தப் பெண்ணின் அக்காவிடம் யோசனை கேட்டார். அது நடக்காத காரியம் என்று பதில் வந்தது. அதற்கப்புறமும் பல ஆண்டுகள் அந்த யோசனை அவரிடம் வந்துவந்து போனது. கடைசிவரை அவளிடம் நேரே கேட்கவில்லை. வயது, வருமானம் என்று பல காரணங்கள் இருந்திருக்கும். வெளியே சொல்ல முடியாத காரணமும் அதில் ஒன்று என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

இதை விக்டோரியா காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மனநோயோடு சேர்த்து வலிப்பையும் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. வலிப்பு என்ற சொல் அந்தப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டது 1999-இல்தான். சித்தப்பாவுக்கு இரண்டு வரன்கள் கிட்டத்தட்ட முடிவாகிக் கலைந்தன. இரண்டு முறையும் எங்கள் வீட்டில் நோயைச் சொல்லவில்லை. இரண்டு முறையும் ஊரில் யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னவர்களைப் பாட்டி வருடக்கணக்கில் திட்டினார். சித்தப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

லியருக்கு நம் மண்ணோடும் தொடர்பு உண்டு. அன்றைய வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு அவருடைய நண்பர். அவர் அழைப்பில் 1873 நவம்பரில் பம்பாய் வந்து இறங்கினார். அறுபத்தொரு வயது. கூடவே கார்ஃபு தீவில் பல ஆண்டுகளுக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்த ஜார்ஜோ என்ற பணியாளர். இமயமலை வரை போய்க் கஞ்சன்ஜங்காவை வரைந்தார்கள். 1874-இல் தெற்கே வந்தார்கள். காஞ்சிபுரம், மாமல்லபுரம், தஞ்சாவூர், திருச்சி, குன்னூர், பிறகு இலங்கை. இலங்கையில் ஜார்ஜோ கடுமையாக நோயில் விழ, பயணத்தை முடித்துக்கொண்டு 1875 தொடக்கத்தில் ஊர் திரும்பினார்கள். திருச்சி மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தத் தாடிக்காரருக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன் பேய்க்கு ஒரு பழைய பெயரும் ஒரு கோயிலும் இருப்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் கேட்டிருக்க மாட்டார்.

அவர் எழுதியதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேய் ஏழு வயதிலிருந்து கூடவே இருந்ததால், எந்தச் சூழ்நிலையில் பிறந்திருந்தாலும் தனக்கு மகிழ்ச்சி வாய்த்திருக்காது என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். ஆனாலும் வலிப்புக்கு ஒரு பெயர், சோகத்துக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக வைத்தார். ஒன்று மற்றதன் நிழல் என்று விட்டுவிடவில்லை. வலிப்பு வராத நாளிலும் சோகம் வரலாம் என்பது அவருக்குத் தெரியும். மருத்துவம் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க நூறாண்டுக்குமேல் ஆயிற்று.

அதே காலத்தில் ரஷ்யாவில் இன்னொருவர் இப்படிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். தஸ்தயேவ்ஸ்கி. நம் வாசகர்களுக்கு அவருடைய வலிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மிஷ்கினுக்கு வலிப்புக்கு முந்தைய கணத்தில் வரும் பேரானந்தத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். வலிப்புக்குப் பிந்தைய நாட்களைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். 1867-இல் திருமணமான புதிதில் அவருடைய வலிப்பை முதன்முதலாகப் பார்த்த மனைவி அன்னா, பிற்காலத்து நினைவுக் குறிப்புகளில் அந்த நாட்களை விவரிக்கிறார். மிகவும் நேசித்த ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்போல் அவர் ஒரு வாரம் வரைக்கும் இருப்பாராம். நண்பர் ஸ்திராகவ், அந்த நாட்களில் அவருக்கு ஏதோ பெரும் குற்றம் செய்துவிட்ட உணர்வு இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார். செய்யாத குற்றத்தின் பாரம் என்ற அவருடைய நாவல்களின் பெரிய விஷயத்தை நாம் தத்துவமாகப் படிக்கிறோம். அவருக்கு அது மாதத்தில் சில நாட்கள் உடம்பில் நடந்துகொண்டிருந்தது. 1878-இல் அவருடைய மகன் அல்யோஷா மூன்று வயது நிறைவதற்குள் வலிப்பில் இறந்தான். தன் நோயைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம் என்ற துயரத்தோடுதான் அவர் கடைசி நாவலுக்குள் போனார்.

இனி மருத்துவத்தின் கதை. 1857-இல் லண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக் புரோமைடு உப்பை வலிப்புக்குப் பயன்படுத்தலாம் என்றார். 1860-இல் குவீன் ஸ்கொயரில் முடக்குவாதத்துக்கும் வலிப்புக்கும் ஒரு தனி மருத்துவமனை தொடங்கியது. 1873-ஐ ஒட்டி ஹியூலிங்ஸ் ஜாக்சன், வலிப்பு என்பது மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென்று ஏற்படும் மிகையான மின்கசிவு போன்ற ஒன்று என்று வரையறுத்தார். 1912-இல் ஃபீனோபார்பிட்டால், 1938-இல் ஃபெனிட்டாயின் என்று மருந்துகள் வந்தன. 1929-இல் ஹான்ஸ் பெர்கர் மூளையின் மின்னலைகளைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். பேய், பாவம், ஒழுக்கக் கேடு எல்லாவற்றிலிருந்தும் வலிப்பை விடுவித்த மகத்தான வேலை இது.

ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. வலிப்பு நரம்பியல் மருத்துவரிடம் போனது. சோகம் மனநல மருத்துவரிடம் போனது. இரண்டு பேரும் வேறு வேறு கட்டடத்தில் உட்கார்ந்தார்கள். நரம்பியல் மருத்துவரிடம் எண்ணக்கூடிய ஒன்று இருந்தது. வலிப்பு எத்தனை முறை வந்தது என்பதுதான் அது. எண்ணக்கூடியதே நோய் என்று ஆயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘வலிப்புக்காரர்களின் குணம்’ என்று ஒன்றைச் சொன்னார்கள். முன்கோபி, பிடிவாதக்காரர், சந்தேகப் பிராணி என்று நோயாளிகள்மேல் ஒரு முத்திரை. அதை உடைக்க வேண்டும் என்று நல்ல மனம் கொண்ட மருத்துவர்கள் போராடினார்கள். வலிப்பு வரும் அந்த இரண்டு நிமிடத்தைத் தவிர இவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான் என்றார்கள். நியாயமான வாதம். ஆனால் அந்த வாதத்துக்குள் சோகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. எனக்கு உள்ளே சரியில்லை என்று ஒரு நோயாளி சொன்னால், பழைய முத்திரைக்கு அவரே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிடும். எங்கள் வீட்டிலும் இதே வாதம்தான். “அவனுக்கு என்ன குறை? வலிப்பு ஒண்ணுதானே, மத்தபடி தங்கம்” என்பார் பாட்டி. அன்போடு சொன்ன சொல். தங்கம் அழக்கூடாது என்பதும் அதற்குள் இருந்தது.

இன்றைக்குத் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இவர்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். இது வெறும் ‘நோய் வந்த கவலை’ அல்ல. நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கும் மூளைப் பகுதிகள் நெற்றிப்பொட்டை ஒட்டிய மடலில் இருக்கின்றன. பெரியவர்களுக்கு வரும் வலிப்பில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. 2006-இல் ஐஸ்லாந்து மக்களிடம் செய்த ஆய்வு ஒன்று, மனச்சோர்வு முன்பே இருந்தவர்களுக்குப் பிற்பாடு வலிப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டியது. அந்தப் பழைய கிரேக்க மருத்துவர் எழுதியதுபோலவே பாதை இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது.

மருந்துக்கும் இதில் பங்கு உண்டு. ஃபீனோபார்பிட்டால் போன்ற சில மருந்துகள் சிலருக்குச் சோர்வையும் மனத் தளர்ச்சியையும் கூட்டும். 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வலிப்பு மருந்து எடுப்பவர்களிடம் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கவனிக்கும்படி எச்சரித்தது. இதைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் மாற்ற வழி உண்டு. மனச்சோர்வுக்கான மருந்து வலிப்பைக் கூட்டும் என்ற பயமும் பலரிடம் உண்டு. இன்று வழக்கமாகத் தரும் மருந்துகளில் பெரும்பாலானவற்றைச் சரியான அளவில் வலிப்பு உள்ளவர்களுக்கும் தரலாம் என்பதே மருத்துவர்களின் கருத்து. 2006-இல் இவர்களுக்கென்றே ஆறு கேள்விகள் கொண்ட ஒரு சிறு படிவமும் வந்துவிட்டது. சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததைச் சொல்ல வேண்டும்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது சித்தப்பாவின் வலிப்பு நின்றது. புது மாத்திரை கேட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம் என்று காலண்டரில் கட்டங்கள் சுத்தமாக இருந்தன. வீட்டில் பொங்கல் வைத்தார்கள். டாக்டர் வீட்டுக்கு அப்பா ஒரு வாழைத்தார் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த மாதங்களில்தான் சித்தப்பா ஆலைக்குப் போவதைக் குறைத்தார். திண்ணையில் படுக்காமல் உள் அறையில் படுத்தார். தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தார். அந்த முத்துக் கையெழுத்து கோணிப்போனது என்று ஆலை முதலாளியே அப்பாவிடம் சொன்னாராம். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. வலிப்புதான் நின்றுபோயிற்றே.

ஓர் ஆடி மாதம் அதிகாலையில் வாய்க்கால் படித்துறைக்குப் போனவர் திரும்பவில்லை.

வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று அப்பா சொன்னார். ஊரும் அதையே சொன்னது. போலீஸும் அதையே எழுதியது. வாழ்நாள் முழுவதும் நாங்கள் மறைத்த சொல்லை அன்று வாசலில் நின்று உரக்கச் சொன்னோம். அது உண்மையாகவும் இருக்கலாம். நின்ற வலிப்பு திரும்பி வரும். தண்ணீர் இவர்களுக்கு எப்போதும் ஆபத்துதான். ஆனால் காலண்டர் என் கையில் இருந்தது. பதினான்கு மாதமாக ஒரு குறியும் இல்லை. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதக் கட்டத்தில் பெருக்கல் குறி போடுவதா வேண்டாமா என்று பென்சிலோடு நின்றது நினைவிருக்கிறது. போடவில்லை.

2007-இல் வெளியான டென்மார்க்கின் ஒரு பெரிய ஆய்வு, வலிப்பு நோய் உள்ளவர்களிடம் தற்கொலை சுமார் மூன்று மடங்கு கூடுதல் என்றும், நோய் கண்டறியப்பட்ட முதல் ஆறு மாதங்கள் மிக ஆபத்தானவை என்றும் சொன்னது. அதை வாசித்த இரவு அப்பாவுக்கு போன் செய்தேன். சித்தப்பாவைப் பற்றி இருபது வருடத்தில் முதல்முறையாகப் பேசினோம். அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவன்ட்ட யாராவது கேட்டிருக்கலாம்டா” என்றார். நானும்தான் கேட்கவில்லை. அவர் என்னிடம் கேட்டார். குறி போடாத நாளுக்கு என்ன அர்த்தம் என்று.

இன்று இதைப் பேசக் காரணம் என் அக்கா மகள். அவளுடைய அனுமதியோடு சொல்கிறேன். இங்கிலாந்தில் வேறோர் ஊரில் இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது முதல் வலிப்பு. இங்கே வலிப்பு வந்தால் பொதுவாக ஒரு வருடம் வரை கார் ஓட்டக் கூடாது. அந்த ஒரு வருடத்தை எண்ணி முடித்து உரிமம் திரும்ப வந்தபோது அக்கா வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். அவளுக்கு நோய் என்பதே அங்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஏன் விருந்து என்பதற்கு வேறொரு காரணம் சொல்லியிருந்தார்கள். நம் வீடுகளை உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு வரன் வரவேண்டும், நாடு மாறினாலும் அந்தக் கணக்கு மாறுவதில்லை.

பாத்திரம் கழுவும்போது அவள் பக்கத்தில் நின்றேன். “இப்ப எப்படிம்மா இருக்கே? ஃபிட்ஸைக் கேக்கலை, உன்னைக் கேக்கறேன்” என்றேன். தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “ஃபிட்ஸ் வந்தப்பவாவது எல்லாரும் கேட்டாங்க மாமா. நின்னதுக்கப்புறம் யாரும் கேக்கறதில்லை” என்றாள். பிறகு நிறையப் பேசினாள். அடுத்த வாரம் அவளுடைய வலிப்பு நர்ஸிடம் அதையே சொன்னாள். நர்ஸ் அந்த ஆறு கேள்விப் படிவத்தை எடுத்தார். மாத்திரையில் ஒன்றை மாற்றினார்கள். மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார்கள். இன்று அவள் முழுக்கச் சரியாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். பேசுகிறாள்.

கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று சிலருக்குப் பயம் இருக்கிறது. சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்காது என்பதே மனநல மருத்துவம் சொல்வது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள், உடனே மருத்துவ உதவிக்கு அழையுங்கள். பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். மற்ற நாடுகளில் உள்ள நண்பர்கள் தங்கள் நாட்டு எண்ணை இன்றே கைப்பேசியில் சேமித்துவையுங்கள்.

லியர் 1888 ஜனவரி 29 அன்று சான் ரேமோவில் இறந்தார். முப்பது ஆண்டு நாட்குறிப்பில் தன் பேயையும் சோகத்தையும் ஒன்றுவிடாமல் எழுதியவர், உயிரோடு இருந்தவரை அதை யாருக்கும் படித்துக்காட்டவில்லை. என்னைப்போல் வேறு யாராவது இருக்கிறார்களா என்ற அவருடைய கேள்விக்குப் பதில் எளியது. இருக்கிறார்கள். இந்த நேரலையைப் பார்ப்பவர்களிலும் இருப்பீர்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று அவருக்கு வலிப்பு வரவில்லை என்றாலும், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.